விதைப்புக்கு முன்பே சொல்லுங்கள்: தேசிய உயிரி எரிபொருள் ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
தேசிய உயிரி எரிபொருள் ஒருங்கிணைப்புக் குழு,
ஒன்றிய பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு அமைச்சகம், புதுதில்லி.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செல்லும் சாலையை ஒட்டித் தோட்டமும் காடுமாக, அதாவது பாசன நிலமும் மேட்டு நிலமுமாக, எனக்கு ஏழு ஏக்கர் இருக்கிறது. எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம், மனைவி வழியில் வந்த நான்கு ஏக்கர் மானாவாரிக் காடும் உண்டு. எங்கள் வட்டாரத்தில் வீட்டுப் பேச்சு தமிழ், வில்லேஜ் ஆபீஸ் தாள்கள் மலையாளம், விளைந்ததை விற்கப் போகும் இடம் பொள்ளாச்சி. இத்தகைய இடத்தில் இருப்பவனுக்கு, தில்லியில் எடுக்கப்படும் ஒரு முடிவு இரண்டு மாநிலங்களின் வழியாகவும் வந்து சேரும். சில நேரங்களில் இரண்டின் வழியாகவும் வராமலே போகும்.

எந்தத் தானியம் உபரி, அதில் எவ்வளவை எரிபொருளாக்கலாம் என்று முடிவு செய்யும் பொறுப்பை 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை உங்கள் குழுவிடம் ஒப்படைத்திருக்கிறது. அந்தக் கொள்கையின் வெற்றியைப் பற்றி நிறையப் படிக்கிறோம். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் எத்தனாலைப் பெட்ரோலில் கலப்பது 2013-14இல் 1.53 விழுக்காடாக இருந்தது; அது 2021-22இல் 10 விழுக்காட்டைத் தொட்டது. 2030இல் எட்டுவதாக இருந்த 20 விழுக்காட்டு இலக்கு 2025-26க்கு முன்னிழுக்கப்பட்டு, ஏறத்தாழ எட்டப்பட்டும் விட்டது. இதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் இதே நாட்டில், இதே அமைச்சகத்தின் பெயரால், இன்னொரு உயிரி எரிபொருள் எங்கள் காட்டில் முளைத்து அங்கேயே பட்டுப்போனதையும் நான் பார்த்தவன். இரண்டையும் பார்த்த பிறகு என் மனத்தில் ஒன்று தெளிவாயிற்று: இலக்கு என்பது யாரையும் வளர்ப்பதில்லை. யாருக்கு விலை உறுதி கொடுக்கிறீர்களோ அவர்கள்தாம் வளர்கிறார்கள். அந்த உறுதி இதுவரை ஆலையின் வாசலோடு நின்றுவிட்டது என்பதைச் சொல்லவே இம்மடல்.

முதலில் காட்டாமணக்கின் கதை. 2003இல் திட்டக்குழுவின் உயிரி எரிபொருள் அறிக்கை வந்தது. தரிசு நிலங்களில் காட்டாமணக்கு வளர்த்து, 2011-12க்குள் டீசலில் 20 விழுக்காடு உயிரி டீசல் கலப்பதற்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஹெக்டேரில் நடவு வேண்டும் என்றது அது. அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 2005 சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள் உரையில் இந்தச் செடியைக் குறிப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னால் யார்தான் கேட்காமல் இருப்பார்கள்? அடுத்த ஆண்டே ஒரு தனியார் நிறுவனத்தின் முகவர் மோட்டார் சைக்கிளில் வந்து, நாற்றுக்கு இவ்வளவு, மூன்றாம் ஆண்டிலிருந்து விதையை வீட்டு வாசலிலேயே எடுத்துக்கொள்வோம் என்று முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். மனைவியின் நான்கு ஏக்கரிலும் நட்டேன். அதுவரை காட்டாமணக்கு எங்களுக்கு வேலிச் செடிதான். ஆடு கடிக்காது, யாரும் வெட்ட மாட்டார்கள். வேலியில் இருந்ததை வயலுக்குள் கொண்டுவந்தபோது என் மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. வரப்பில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார்.

அந்தச் செடியின் குணத்தை அறிக்கை எழுதியவர்கள் அருகில் நின்று பார்த்திருப்பார்களா என்று எனக்கு ஐயம். ஒரே குலையில் ஒரு காய் பச்சையாக இருக்கும், ஒன்று மஞ்சளாக இருக்கும், ஒன்று கறுத்து வெடிக்கத் தயாராக இருக்கும். ஆகவே ஒரு செடியிடம் பத்து முறை போக வேண்டும். நாளெல்லாம் பறித்த இரண்டு பெண்களுக்குக் கூலி கொடுத்த பிறகு, பறித்த விதைக்கு அந்தக் கூலி அளவுகூட விலை வரவில்லை. தண்ணீர் இல்லாமல் வளரும் என்றார்கள். வளர்ந்தது, காய்க்கத்தான் இல்லை. 2005 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உயிரி டீசல் கொள்முதல் கொள்கை லிட்டருக்கு 25 ரூபாய் என்றது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மூன்றரைக் கிலோ விதையாவது வேண்டும். எங்களுக்குச் சொல்லப்பட்ட கிலோ ஆறு ரூபாயை வைத்தாலே விதைக்கு மட்டும் 21 ரூபாய் ஆகிவிடும். செக்குக் கூலியும் சுத்திகரிப்பும் வண்டி வாடகையும் மீதமுள்ள நான்கு ரூபாய்க்குள் எப்படி அடங்கும் என்று கணக்குப் போடப் பெரிய படிப்பு தேவையில்லை. எதிர்ப்பக்கத்தில் மானிய விலை டீசல் பெட்ரோல் பங்கில் விற்றுக்கொண்டிருந்தது. முகவரின் அலைபேசி எண் மூன்றாம் ஆண்டில் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. 2009இல் புதிய கொள்கை வந்தபோது, 2017க்குள் 20 விழுக்காடு என்று மறுபடியும் ஓர் இலக்கு எழுதப்பட்டது. அதற்குள் நான் பொக்லைன் வைத்துச் செடிகளைத் தோண்டி எறிந்திருந்தேன். டீசலில் உயிரி டீசலின் பங்கு இன்றுவரை ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

எத்தனாலும் முதலில் அப்படித்தான் தடுமாறியது. 2003இல் ஒன்பது மாநிலங்களில் 5 விழுக்காடு என்று தொடங்கிய திட்டம் பத்தாண்டுகள் நொண்டியது. அதை நிமிர்த்தியது இலக்கு அன்று. 2014 டிசம்பரில், தூரத்தைப் பொறுத்து லிட்டருக்கு 48.50 முதல் 49.50 ரூபாய் வரை என்று அரசே விலையை நிர்ணயித்தது. 2018இல் கலப்புக்கான எத்தனால் மீதான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. ஆலை கட்டுவோரின் வங்கிக் கடனுக்கு ஆறு விழுக்காடு, அல்லது வட்டியில் பாதி, இதில் எது குறைவோ அதை ஐந்தாண்டுகளுக்கு அரசே ஏற்கும் என்ற சலுகை 2021 ஜனவரியில் தானிய ஆலைகளுக்கும் நீட்டப்பட்டது. எண்ணெய் நிறுவனங்கள் பல ஆலைகளோடு நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தங்களும் செய்துகொண்டன. விலை, வரி, வட்டி, வாங்குபவர் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தன. 38 கோடி லிட்டராக இருந்த வழங்கல் பத்து ஆண்டுகளில் 700 கோடி லிட்டரைத் தாண்டியது. காட்டாமணக்குக்கு இந்த நான்கில் ஒன்றுகூட உருப்படியாகக் கிடைத்ததில்லை.

இங்கே ஒரு சொந்த நினைவையும் சேர்த்துக்கொள்கிறேன். மேனோன்பாறையில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருந்தது. என் தகப்பனார் மாட்டு வண்டியில் கரும்பு கொண்டு போய் இரவு முழுவதும் வரிசையில் நின்றவர். நானும் வண்டியில் கரும்புக்கட்டின் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறேன். எத்தனால் எடுக்க உதவும் கழிவுப்பாகுக்கு நல்ல விலை கிடைக்கும் காலம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த ஆலை மூடப்பட்டது. அந்த வளாகம் இப்போது மாநில அரசின் மதுபான நிறுவனத்திடம் இருக்கிறது. கொள்கை பத்தாண்டு முன்னால் வந்திருந்தால் எங்கள் ஊரில் இன்னும் கரும்பு இருந்திருக்குமா என்று சில நாள் யோசிப்பேன். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத் தண்ணீரின் இன்றைய நிலையைப் பார்த்தால், இல்லாமல் போனதே நல்லது என்றும் தோன்றும்.

இனி மக்காச்சோளம். கரும்பும் நெல்லும் மட்டுமே நாட்டின் பாசன நீரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைக் குடிக்கின்றன என்று நிதி ஆயோக்கின் 2021 வழிகாட்டு அறிக்கையே கூறியது. ஆகவே தண்ணீர் குறைவாகக் கேட்கும் மக்காச்சோளத்துக்கு மாறுங்கள் என்றீர்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு 71.86 ரூபாய் என்று மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல் விலை வைத்தீர்கள். 2024இல் எங்கள் பக்கம் மூட்டை விலை ஏறியது உண்மை. படைப்புழுவுக்கு மருந்தடித்துக் கை சலித்தவர்கள்கூட மறுபடியும் போட்டார்கள். மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு அந்த ஆண்டில் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடாக மாறியது. பல்லடத்திலும் உடுமலையிலும் உள்ள கறிக்கோழிப் பண்ணைக்காரர்களுக்கு அது பெரிய அடி. கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான். அந்தக் கோழிகளில் பெரும்பங்கு எங்கள் சோதனைச் சாவடிகள் வழியாகத்தான் கேரளத்துக்குள் வருகிறது. என் பங்காளி ஒருவர் ஐயாயிரம் கோழிக் கொட்டகை வைத்திருக்கிறார். அதே ஆண்டில் நான் விலை ஏறியதென்று மகிழ்ந்தேன், அவர் தீவனம் ஏறியதென்று வருந்தினார். ஒரே வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே இரண்டும் நடந்தது.

இப்போது ஆலைகளிலிருந்து டிடிஜிஎஸ் என்னும் வடிகட்டிய தானியச் சக்கை தீவனத்துக்கு வருகிறது. ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து ஏறத்தாழ 300 கிலோ சக்கை மிஞ்சும். புரதம் கூடுதல், விலையும் மலிவு. பூஞ்சை நஞ்சு இருந்தால் அது சக்கையில் அடர்ந்துவிடும் என்பதால் பங்காளி ஒவ்வொரு மூட்டையையும் முகர்ந்து பார்த்துத்தான் இறக்குகிறார். மறுபக்கம், இந்தச் சக்கையால் சோயாப் புண்ணாக்கின் தேவை குறைந்து, மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் சோயா விவசாயி விலை கேட்டு நிற்கிறார். நீங்கள் ஒரு விலையை அசைத்தால் எத்தனை கொட்டகையும் எத்தனை காடும் அசைகின்றன என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அசைவு தவறு என்று நான் கூறவில்லை. அது வரும் நேரம்தான் எங்களைக் கொல்கிறது. 2023 ஜூலையில் எத்தனாலுக்கு இந்திய உணவுக் கழக அரிசி கொடுப்பது நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் நாள், பருவம் தொடங்கி ஆலைகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கத் தடை வந்தது. எட்டு நாளில் அது வரம்போடு தளர்ந்தது. 2024 ஆகஸ்டில் அரிசிக்கும் சாற்றுக்கும் வாசல் மறுபடி திறந்தது. 2025 ஜனவரியில் எத்தனாலுக்கான அரிசியின் விலை கிலோ 28 ரூபாயிலிருந்து 22.50 ஆக இறக்கப்பட்டு, அப்பருவத்தில் 52 லட்சம் டன் வரை ஒதுக்கப்பட்டது. அந்த ஆண்டு மக்காச்சோளத்துக்கு நீங்கள் அறிவித்திருந்த குறைந்தபட்ச ஆதரவு விலை கிலோ 22.25. ஒரு டன்னில் மக்காச்சோளத்தைவிடக் கூடுதலாக எத்தனால் தரும் அரிசியை, அதே விலைக்கு, அரசுக் கிடங்கிலிருந்தே கொடுத்தால் ஆலைக்காரர் என் களத்துக்கு எதற்கு வருவார்? என் அரசே என் எதிரில் கடை போட்ட கதையாயிற்று.

ஆலைகளும் இப்போது கூடிவிட்டன. 2025-26க்கு அவை தர முன்வந்தது 1,776 கோடி லிட்டர்; எண்ணெய் நிறுவனங்கள் ஒதுக்கியது 1,048 கோடி லிட்டர். ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என்றிருக்க, 2025 நவம்பரில் கர்நாடக விவசாயிகள் அதில் மூன்றில் இரண்டு பங்குகூட நிச்சயமில்லை என்று தெருவில் இறங்கினார்கள். எனக்கு இந்த முறை கிடைத்தது 1,900. அதிலும் ஈரப்பதம் 14க்கு மேல் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்தார் வியாபாரி. ஈரம் பார்க்கும் கருவியை மூன்று முறை தானியத்தில் குத்தினார், மூன்று முறையும் மூன்று எண் காட்டியது, பெரிய எண்ணைத்தான் சீட்டில் எழுதினார். ஒரு டன்னில் ஏறத்தாழ 380 லிட்டர் எத்தனால் என்றால், 71.86 வீதம் 27,300 ரூபாய் ஆகிறது, சக்கையின் விலை தனி. அதற்கான மூலப்பொருளுக்கு எனக்கு வந்தது 19,000. ஆலைக்கு மின்சாரம், நொதி, கூலி, வட்டி எல்லாம் உண்டு என்பதை அறிவேன். இருந்தாலும் அவர் விற்கும் விலை அரசின் தாளில் எழுதப்பட்டிருக்கிறது, நான் விற்கும் விலை வியாபாரியின் சட்டைப் பையில் இருக்கும் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறது.

எங்கள் நாட்காட்டியை ஒரு முறை பாருங்கள். ஆடியிலும் ஆவணியிலும் விதைக்கிறோம்; வடகிழக்குப் பருவமழையை நம்புபவர்கள் புரட்டாசியில் விதைக்கிறார்கள். அறுவடை கார்த்திகை முதல் மாசி வரை. உங்கள் எத்தனால் ஆண்டோ நவம்பரில் பிறக்கிறது. அதற்கான ஒப்பந்தப்புள்ளியும் ஒதுக்கீடும் நான் விதைத்து, களையெடுத்து, இரண்டு உரம் போட்ட பிறகுதான் வெளிவருகின்றன. அரிசியா, சாறா, மக்காச்சோளமா என்ற முடிவு பயிர் தோளுயரம் வந்த பிறகு எனக்குச் செய்தியாக வருகிறது. வட்டிச் சலுகையோடு ஆலை கட்டியவருக்கு ஐந்தாண்டு தெரிகிறது. எனக்கு ஐந்து மாதம் தெரிவதில்லை.

ஆதரவு விலையில் விற்க முயலவில்லையா என்று கேட்பீர்கள். முயன்றேன். கூட்டுறவுக் கொள்முதல் முகமைகள் மக்காச்சோளத்தை ஆதரவு விலையில் வாங்கி எத்தனால் ஆலைகளுக்குக் கொடுக்கும் என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். சிட்டாவும் அடங்கலும் கேட்டார்கள். என் ஏழு ஏக்கருக்கு இருப்பது மலையாளத்தில் அச்சடித்த கரம் (நிலவரி) கட்டிய ரசீது. மேசையில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான், "அண்ணா, உங்க மாநிலத்துலயே பாருங்களேன்" என்றார். எங்கள் கிருஷி பவனில், அதாவது கேரள வேளாண் அலுவலகத்தில், கேட்டேன். நெல்லுக்குக் கொள்முதல் உண்டு, மக்காச்சோளத்துக்கு இங்கே அப்படியொன்றும் இல்லை என்றார்கள். நாலு ஏக்கருக்குத் தமிழ்நாட்டுச் சிட்டா இருந்தது, ஆனால் அது மனைவியின் பெயரில். அவரை அழைத்துக்கொண்டு மறுபடி போவதற்குள் வியாபாரியின் வண்டி வந்துவிட்டது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒன்றியத்தின் திட்டம் ஒன்று மாநில எல்லைக்கல்லில் தடுக்கி விழும்போது, விழுவது திட்டமல்ல என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. எங்களுக்குத் தெற்கே பிளாச்சிமடை இருக்கிறது. அங்கே 2000இல் தொடங்கி, நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று மக்கள் போராடியதில் 2004இல் நின்றுபோன குளிர்பான ஆலையின் கதையை நீங்கள் அறிவீர்கள். கிணற்று நீர் கசந்து போனதை நாங்கள் வாயால் அறிவோம். 2025 ஜனவரியில் எங்கள் மாவட்டத்து எலப்புள்ளியில் மது ஆலையோடு சேர்த்து எத்தனால் ஆலைக்கும் மாநில அமைச்சரவை தொடக்க ஒப்புதல் கொடுத்ததும் மக்கள் ஏன் உடனே கூடினார்கள் என்பதற்கு அந்த நினைவே போதும். எத்தனால் வேண்டாம் என்று அவர்கள் கூறியதாக நான் எண்ணவில்லை. தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற ஒரே கேள்விக்கு எழுத்தில் பதில் கேட்டார்கள். கலப்பு இலக்கை மாநிலவாரியாகப் பிரித்து ஆலைகளைப் பரப்பும்போது, மழை மறைவில் கிடக்கும் கிழக்குப் பாலக்காடு போன்ற பகுதிகளில் தானிய ஆலைக்கு வட்டிச் சலுகை தருவது முறையா என்பதை உங்கள் குழு ஆராய வேண்டும். இங்கே பொருந்துவது வேறு. கோழி எருவும் மாட்டுச் சாணமும் சந்தைக் கழிவும் எங்களிடம் மலையாகக் கிடக்கின்றன. 2018இல் தொடங்கிய அழுத்திய உயிரி எரிவாயுத் திட்டம் 2023-24க்குள் 5,000 ஆலைகள் என்றது. வந்தவை அதில் மிகச் சிறு பங்கே. அங்கும் இலக்கு முன்னால் ஓட, வாங்கும் ஏற்பாடு பின்னால் நடந்தது. நகர எரிவாயு நிறுவனங்கள் கட்டாயம் கலக்க வேண்டும் என்ற விதி 2025-26இல்தான் ஒரு விழுக்காட்டோடு தொடங்கியது. ஆலைக்கு விலை உறுதி செய்வதோடு, சாணத்துக்கும் எருவுக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்பதையும் அதே அரசாணையில் எழுதுங்கள். இல்லாவிட்டால் இதுவும் காட்டாமணக்காகும்.

எத்தனால் கலந்த பெட்ரோலால் வண்டிகளின் மைலேஜ் குறைவது பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்; நான் அதற்குள் போகவில்லை. என் பழைய மோட்டார் சைக்கிள் முன்னைவிடச் சற்றுக் கூடுதலாகக் குடிக்கிறது, அவ்வளவுதான்.

நான் கேட்பவை சிலவே. எத்தனாலுக்கான அரிசி ஒதுக்கீட்டையும் அதன் விலையையும் சாற்றுக்கான வரம்பையும் மே மாத இறுதிக்குள் அறிவியுங்கள். அந்தப் பருவம் முடியும்வரை மாற்றாதீர்கள். பஞ்சம் வந்து மாற்றியே ஆக வேண்டுமென்றால், மாற்றத்தால் விழும் விலைக்கு ஆலைக்கு மட்டுமல்லாமல் விதைத்தவனுக்கும் ஈடு கொடுங்கள். மக்காச்சோள எத்தனாலுக்கு 71.86 ரூபாய் பெறும் ஆலை, தன் கொள்முதலில் ஒரு பங்கையாவது ஆதரவு விலைக்குக் குறையாமல் விவசாயியிடம் நேரடியாக வாங்கியதற்கான ரசீதைக் காட்டினால்தான் முழு விலை என்று விதி செய்யுங்கள். இன்று ஆலை மூலப்பொருளின் வகையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என்ன விலைக்கு வாங்கியது என்பதையும் சொல்வதில் அதற்கு என்ன சிரமம்? எல்லையோர வட்டங்களில், எந்த மாநிலத்தின் நிலவரி ரசீதையும் எந்த மாநிலத்துக் கொள்முதல் நிலையமும் ஏற்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதற்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை.

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தொழிற்சாலைச் சாராயத்தின் மீது மாநிலங்களுக்கும் அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்திருப்பதால், மாநிலங்கள் விதிக்கும் கட்டணமும் எத்தனால் விலைக்குள் வந்து சேரக்கூடும். அந்தக் கணக்கு நாளை நடக்கும்போது கடைசி வரியில் கழிக்கப்படுவது என் குவிண்டாலாக இருக்கக் கூடாது என்பதையும் இப்போதே பதிவு செய்கிறேன்.

மனைவியின் நான்கு ஏக்கரைச் சித்திரையில் ஓர் உழவு ஓட்டிப் போடுவோம். ஆடி பிறப்பதற்குள் அதில் மக்காச்சோளமா, நிலக்கடலையா என்று முடிவு செய்ய வேண்டும். விதைக்கடைக்காரர் வைகாசியிலேயே முன்பணம் கேட்பார். உங்கள் பதில் அதற்குமுன் வந்தால் அவரிடம் ஒரு பதில் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஒரு விவசாயி,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.